எதிர்மூலை

மழைக்குக் குடை தேவைப்படாத ஊர் பொலோஞா.
தெருத்தெருவாகத் தூண்கள் நின்று
கூரை பிடிக்கின்றன.
என் மஞ்சள் குடை மனிதர்களுக்கானது.
தூக்கிப் பிடித்தால் பதினான்கு பேர் வருவார்கள்,
கை வலித்து இறக்கினால்
பதினொருவர்.

ஒன்பதரைக்குச் சாய்ந்த கோபுரங்கள்.
குட்டையானதைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள்.
'விழுமா?' என்கிறாள் ஒருத்தி.
'உங்கள் டிக்கெட்டில் அது சேராது' என்கிறேன்.
சிரிக்கிறார்கள்.
வேலி புதிது.
பதிலுக்குப் பத்தொன்பது வயது.

சாந்தோ ஸ்தேஃபனோவை
ஏழு கோவில்கள் என்பார்கள்.
எண்ணினால் நான்குதான் தேறும்,
மிச்சத்தை அவரவர் விசுவாசத்துக்கு விட்டுவிடுவேன்.
உள்ளே ஒரு கற்சேவல் இருக்கிறது.
பேதுரு மறுதலித்த இரவில் கூவியதன் நினைவாக.
எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.
ரொவீகோவிலிருந்து வந்திருந்த தெலியோ மட்டும்,
பல் வைத்தியர், ஓய்வுபெற்றவர்,
அதன் அலகையே பார்த்துக்கொண்டிருந்தார்
சொத்தை தேடுகிறவர் போல.

பிறகு அந்த வளைவு.
நான்கு சாலைத் தூண்கள், நான்கு மூலைகள்.
ஒரு மூலையில் சுவரைப் பார்த்து முணுமுணுத்தால்
கல் மேலேறி, கூரை கடந்து,
எதிர்மூலையில் இறங்கும்.
தொழுநோயாளிகள் இப்படித்தான்
பாவசங்கீர்த்தனம் செய்தார்களாம்.
ஆம், அந்த 'ஆம்' சேர்த்தே சொல்வேன்.

தெலியோ முகத்தைச் சுவரில் பொருத்தினார்.
எதிரே நிற்கவேண்டிய இசோலினா
சுட்ட செஸ்ட்நட் வாங்கப் போயிருந்தாள்.
குடையை மடக்கிச் சாய்ந்துகொள்ள
அந்த மூலைதான் காலியாக இருந்தது எனக்கு.

கல் சொன்னது:
'இசோ, பதினோரு வருடமாக
நான் பூசைக்குப் போகவில்லை.
ஸ்டேஷன் பாரில் உட்கார்ந்து
பிரியோஷ் தின்கிறேன்.
மணி அடித்ததும் வீட்டுக்கு வருகிறேன்.'

நகர்ந்திருக்கவேண்டும்.
வழிகாட்டி உரிமத்தில்
பிறர் பாவம் கேட்கும் பிரிவு இல்லை.
ஆனால் அவர் காத்திருந்தார்.
பதிலுக்காகக் காத்திருக்கும் முதுகு
எப்படி இருக்கும் என்று
அன்றுதான் பார்த்தேன்.
முணுமுணுப்புக்குத் தனிக்குரல் கிடையாது.
சுவரோடு உதட்டை வைத்து
'தெரியும்' என்றேன்.

அவர் திரும்பியபோது
சதுக்கத்தின் பக்கமிருந்து, கையில் ஆவி பறக்கும் பொட்டலத்தோடு
இசோலினா வந்துகொண்டிருந்தாள்.
அவர் அவளைப் பார்த்தார்.
மூலையைப் பார்த்தார்.
மஞ்சள் குடையைப் பார்த்தார்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

சான் பெத்ரோனியோ.
கீழ்ப்பாதி பளிங்கு, மேற்பாதி வெறும் செங்கல்.
'ஏன் முடிக்கவில்லை?'
இதற்கு மூன்று பதில்கள் வைத்திருக்கிறேன்,
ஒன்று பணம், ஒன்று ரோம்,
ஒன்று குழந்தைகள் வந்தால் மட்டும்.
இன்று 'தெரியாது' என்று வந்துவிட்டது வாயில்.
எவரும் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

நவம்பர். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் முன்பு
கூரைத் துளை வழியே விழுந்த வெயில்
தரையில் ஒரு முட்டைக் கருவாகி
பித்தளைக் கோட்டை நோக்கி நகர்ந்தது.
பதினான்கு பேரும் குனிந்தார்கள்.
ஓரமாக வந்து இசோலினா
செஸ்ட்நட் ஒன்றை என் கையில் திணித்தாள்.
கோவிலுக்குள் தின்னக்கூடாது.
'அந்த மூலையில் என்னவோ சொன்னாராமே?'

'ஈரக்காலத்தில் கல்லுக்குக் காது மந்தம், சிஞ்ஞோரா.'

'நல்லது' என்றாள்.
'ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில்
சர்க்கரைத் தூள் ஒட்டியிருக்கும்.
நான்தான் தட்டி மாட்டுகிறேன்.
ஒரு மனுஷனுக்கு என்று
ஏதாவது ஒன்று இருக்கட்டும்.'

வெயில் கோட்டைத் தாண்டியது.
வெளியே படிக்கட்டில் குடையை உயர்த்தினேன்.
பதின்மூன்று.
உள்ளே திரும்பிப் போனேன்.
கடைசி பெஞ்சில்
ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு
உட்கார்ந்திருந்தார் தெலியோ.
கால் வலியா, வேறெதுவுமா,
நான் கேட்கவில்லை.
குடையை மெதுவாகத்
தரையில் இருமுறை தட்டினேன்.